முதுமையில் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையும் மாத்திரையும் பெறும் வழி

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் அலைச்சல் குறைவு. காப்பீட்டுத் தொகை ஓய்வூதியத்திலேயே பிடித்தம் செய்யப்படுகிறது. கணவர் அல்லது மனைவியின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கருவூலத்தில் விசாரித்துக்கொண்டால் போதும். அந்த வசதி இல்லாத, திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றியவர்கள், தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வேலை பார்த்தவர்கள், டவுணில் சிறுகடை நடத்தியவர்கள் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்றிதழ் பெற்று, அதனுடன் குடும்ப அட்டையையும் எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொண்டு, கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்தார் 2019 முதல் தென்காசி மாவட்டம் என்பதால், இங்கே வந்து திரும்ப வேண்டாம். மகனின் குடும்ப அட்டையில் பெற்றோர் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அட்டையில் இல்லாதவர் காப்பீட்டிலும் இல்லை. சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

எழுபது வயது நிறைந்தவர்களுக்கு, 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை இருக்கிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை. சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ முன்பே இருந்தாலும் காத்திருப்புக் காலம் இல்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது வீட்டில் எழுபது கடந்த இருவர் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான். உதவி எண் 14555. வயதை ஆதாரில் உள்ளபடியே கணக்கிடுவார்கள். அந்தக் காலத்தில் உத்தேசமாகச் சொல்லிப் பதிந்த பிறந்த ஆண்டு பல வீடுகளில் தவறாகவே இருக்கிறது. பிறந்த தேதியை ஆதாரில் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால், பள்ளிச் சான்றிதழ் போன்ற ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

பதிவின்போது வைக்கும் கைரேகை இன்னொரு தொல்லை. எங்கள் ஆச்சி நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். இலையும் தூளும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டது. ஒரு மையத்தில் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வய வந்தனா பதிவுக்குக் கைப்பேசிக்கு வரும் ஓடிபி, கருவிழி, முகம் ஆகியவற்றில் ஒன்று போதும் என்பதை அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆகவே ஆதாருடன் இணைத்த கைப்பேசியைப் பேரன் கையில் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அட்டை கிடைத்துவிட்டால் மாத்திரைச் செலவும் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். காப்பீடு முக்கியமாக உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்குப் பணம் தராது. அவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ இலவசமாகப் பெறலாம். நடக்க இயலாதவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்தால், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அரசு மருத்துவமனையில் இல்லாத மருந்துக்கு மாநில அரசின் முதல்வர் மருந்தகமோ மத்திய அரசின் மக்கள் மருந்தகமோ மலிவு. ஆனால் அங்கு கம்பெனிப் பெயரைச் சொன்னால் கிடைப்பது கடினம், மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) மருத்துவரிடமே தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.