வாரம் ஒருமுறை ஸ்டார்ட் போட்டு வைத்தால் பேட்டரி பிழைக்குமா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதைப் பார்க்கலாம். கார் கவரைப் பாதி விலக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசியையும் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று போன் பேசுவார்கள். 10 நிமிடம் கழித்து அணைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். பேட்டரி டவுன் ஆகாமல் இருக்க இதுவே போதும் என்பது பரவலான நம்பிக்கை. இப்படி வாரம் தவறாமல் செய்தவர்களுக்கும் ஒருநாள் செல்ஃப் எடுக்காது, ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். உடனே பேட்டரி கம்பெனியைத் திட்டுவோம். உண்மையில் கணக்கு இடிப்பது வேறு இடத்தில்.

சிறிய பெட்ரோல் கார் ஒன்றில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி (1 ஆம்பியர் வீதம் சுமார் 35 மணி நேரம் தரக்கூடியது) இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் அலாரம், ரிமோட் லாக், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரிலேயே இது 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை போகும். 30 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர், வாரத்துக்குச் சுமார் 5. ஸ்டார்ட் செய்வதில் போவது இதைவிட மிகக் குறைவு: 150 ஆம்பியர் வீதம் 2 விநாடி இழுத்தாலும் 0.1-ஐத் தொடாது.

இப்போது வரவைப் பாருங்கள். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில், பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. அதில் வருவதில் ஒரு பங்கை ஏசி ப்ளோயரும் ரேடியேட்டர் விசிறியும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 10 ஆம்பியர் பேட்டரிக்குப் போவதாகத் தாராளமாகவே கணக்குப் போட்டாலும், 10 நிமிடத்தில் சேர்வது 1.7 ஆம்பியர்-அவர்தான். வாரம் 5 செலவு, 1.7 வரவு. ஒரு மாதத்தில் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காலி.

அடிக்கடி போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். தினமும் போட்டால் பேட்டரி ஓரளவு தாக்குப்பிடிக்கலாம், ஆனால் இன்ஜின் பாதிக்கப்படும். முழுச் சூடு ஏறாத இன்ஜினில் எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சருக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். மூடிய கராஜுக்குள் இப்படி ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

பாதி சார்ஜில் பேட்டரி நிற்பது ஏன் இவ்வளவு கெடுதல்? மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏறினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாக இறுகி, அந்த இடம் இனி வேலைக்கு ஆகாது. இதைத்தான் சல்பேஷன் என்கிறார்கள். நம் ஊர் வெயில் இதை இன்னும் மோசமாக்கும்: வெப்பம் 10 டிகிரி ஏறினால், பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னையில் மொட்டை வெயிலில் நிற்கும் காரும் நிழலில் நிற்கும் காரும் ஒன்றல்ல.

அப்படியானால் என்ன செய்வது? வண்டியை ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரமாவது, டிராபிக் குறைந்த சாலையில், ஏசியைக் குறைத்து வைத்து ஓட்டினால் இன்ஜினும் சூடாகும், பேட்டரியும் ஏறும், பிரேக் டிஸ்க்கில் பிடித்த துருவும் தேய்ந்துபோகும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் நகரத்துக்குள்ளேயே இது முடியும்.

அதற்கும் வழியில்லை, ஒரு மாதமாவது ஊருக்குப் போகிறோம் என்றால் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைப்பது நல்லது. இதிலும் தவறு நடக்கும் இடம் உண்டு. பல கார்களுக்கு 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதலில் கழற்ற வேண்டியது மைனஸ். ப்ளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் ஷார்ட் ஆகி நெருப்புப் பறக்கும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அந்தப் பயம் இல்லை. திரும்ப மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றிய கிளாம்ப் தானாகச் சாய்ந்து டெர்மினலைத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையும் கலந்த பொடி பூத்திருந்தால், சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, காயவைத்து, கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடலாம். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிகள் வழியாக உள்ளே இறங்கக் கூடாது.

கழற்றுவதற்கு முன் உங்கள் கார் சாவிக்குள் உலோகச் சாவி இருக்கிறதா, அது கதவைத் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். கரண்ட் இல்லாவிட்டால் ரிமோட் வேலை செய்யாது. பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் கார்களில் இதை மறந்தால் பெரிய அலைச்சல்.

பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஸ்மார்ட் சார்ஜர். நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் கொஞ்சம் கொடுக்கும். மெக்கானிக் கடைகளில் உள்ள பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரை இரவல் வாங்கி இரவு முழுக்க விடுவது தவறு. அதற்கு நிறுத்தத் தெரியாது. உள்ளே உள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும், ஒரு பொறி போதும் வெடிக்க. சிக்னலில் இன்ஜின் தானாக நின்று மீண்டும் ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்களில் மைனஸ் டெர்மினலில் பேட்டரியின் வரவு செலவை அளக்கும் சிறு சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். அங்கே சார்ஜரின் மைனஸ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல் கையேட்டில் காட்டியுள்ள பாடி எர்த்தில் (காரின் உலோகப் பாகத்தில்) மாட்டுங்கள். அப்போதுதான் ஏறிய சார்ஜ் காரின் கணக்கில் சேரும்.

பின்னால் வாங்கி மாட்டிய சாமான்களையும் கவனியுங்கள். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்த டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகி மறந்த, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் எல்லாம் இரவும் பகலும் இழுக்கும். ஃபாஸ்டேக் இதில் சேராது, அதற்குக் கார் பேட்டரியே தேவையில்லை. புஷ் பட்டன் கார் என்றால் சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். சில மாடல்களில் சாவி அருகில் இருந்தால் கார் தூங்கவே போகாது.

பேட்டரி மேலுள்ள பச்சைக் கண்ணை நம்பி இருந்துவிடுவது இன்னொரு தவறு. உள்ளே ஆறு செல்கள் இருக்க, அது ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டும். மூன்றில் இரண்டு பங்கு சார்ஜ் இருந்தாலே பச்சை காட்டிவிடும். வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். வண்டி ஓடி நின்றதும் அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும், மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் வந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, அதற்கும் கீழே இறங்கவே விடக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீரும் கேன் தண்ணீரும் ஆகாது, அவற்றில் தாது உப்பு இருக்கிறது. ஆசிட் ஊற்றவே கூடாது.

டவுன் ஆன வண்டியை இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஆல்டர்னேட்டர், நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது. முழுக்கக் காலியானதை நிரப்பச் சொன்னால் அது சூடாகித் திணறும், பேட்டரியும் முழுதாக ஏறாது. அன்றே சார்ஜரில் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் இன்றைய கார்களுக்கு ஆகாது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில் இன்ஜின் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

முழுக்கச் சார்ஜ் செய்து, டெர்மினல் கழன்ற நிலையில் ஒரு இரவு வைத்தும் 12.4 நிற்கவில்லை என்றால், அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. புதிது வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், கடையில் மாதக்கணக்கில் நின்ற பேட்டரியும் சார்ஜ் இழந்திருக்கும். அங்கேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, 12.5-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்லுங்கள். பழையதை வீட்டில் வைத்திருக்காமல் அதே கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.