தடித்த உருண்டை எழுத்துருவில் தலைப்பு அமைப்பது எப்படி?

போஸ்டர், யூடியூப் தம்ப்நெயில், குழந்தைகள் புத்தக அட்டை போன்றவற்றின் தலைப்புக்கு முனை மழுங்கிய தடித்த எழுத்து நன்றாக எடுக்கும். இந்த வகையில் பெயர்பெற்றது, 1979-இல் ஃபோக்ஸ்வாகனுக்காக உருவான வாக் ரவுண்டட் என்ற எழுத்துரு. ஆப்பிள் கீபோர்டுகளில் பல வருஷம் இருந்ததும் அதுதான். நாம் தமிழில் எழுதப்போவதால் எக் டைப் நிறுவனம் வடிவமைத்த பாலூ தம்பி 2 என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

1. நிறுவுதல்

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் பெயரைத் தேடி, ஜிப் கோப்பை இறக்கி விரியுங்கள். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். மேக்கில் டபுள் கிளிக் செய்து, திறக்கும் ஜன்னலில் இன்ஸ்டால் கொடுங்கள். டிசைன் மென்பொருளில் பெயர் வரவில்லையென்றால் அதை மூடித் திறங்கள்.

2. தலைப்பைத் தட்டுதல்

மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். எடைப் பட்டியலில் (எடை என்றால் எழுத்தின் தடிப்பு அளவு) எக்ஸ்ட்ராபோல்டைத் தேர்ந்தெடுங்கள். அதோடு கை சும்மா இருக்க வேண்டும்! மேலே இருக்கும் 'பி' (போல்ட்) பட்டனையும் அழுத்தினால், சில மென்பொருள்கள் எழுத்தைச் சுற்றிப் போலியாக இன்னும் கொஞ்சம் தடிப்பு ஏற்றிவிடும். சுழிகள் அடைபட்டுப் போகும்.

3. சிறிதாக்கிப் பார்த்தல்

பலரும் தாண்டிப்போகும் படி இது; எனக்கு இதுதான் முக்கியம். தலைப்பில் 'கண்ணன்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய திரையில் ண-வும் ன-வும் தெளிவாகத்தான் இருக்கும். அதையே செல்போனில் தெரியும் அளவுக்குச் சுருக்குங்கள். ண-வின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை மங்கி, ன மாதிரியே தெரியத் தொடங்கும். அப்படியானால் எடையை ஒன்றிரண்டு படி இறக்கி போல்ட் அல்லது செமிபோல்ட் வையுங்கள். புள்ளிகளும் தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

4. இடைவெளி

ஆங்கிலத் தலைப்பில் எழுத்துகளை நெருக்குவது வழக்கம். தமிழில் அதை விட்டுவிடுங்கள். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் பக்கத்து எழுத்தில் போய் இடிக்கும். இரண்டு வரித் தலைப்பு என்றால், மேல்வரியின் 'கு', 'மூ' போன்றவற்றின் வால் கீழ்வரியின் 'கி', 'மீ' மீது முட்டாமல் இருக்கும் அளவுக்கு வரி இடைவெளியைக் கூட்டுங்கள். எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

5. துணை எழுத்துரு

கீழே வரும் விவரங்களுக்கும் இதே எழுத்துரு வேண்டாம். பத்தி முழுக்க இந்தத் தடிப்பில் இருந்தால் கண் வலிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு சாதா எழுத்துரு போதும். அப்புறம், இரங்கல் அறிவிப்புக்கு இந்த உருண்டை எழுத்து வேண்டவே வேண்டாம்.

6. அச்சுக்கு அனுப்புதல்

அச்சகத்தில் இந்த எழுத்துரு இல்லாமல் போகலாம். அதனால் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றி பிடிஎஃப் எடுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்த பிறகே மாற்றுங்கள்.