கடற்கரை மானாவாரியில் குண்டு மிளகாய்: விதைப்பிலிருந்து சாக்கு வரை

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலாடி, சாயல்குடி, திருவாடானைப் பக்கங்களில் மானாவாரியாகக் குண்டு மிளகாய் போடுகிற நாம், விதைப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பழத்தைக் காயப்போடுவதில் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாய்க்கு விலையைத் தருவது தடித்த தோலும் மினுமினுப்பான நிறமும்தான். அவை இரண்டும் காயப்போடும் களத்தில்தான் நிலைக்கின்றன, அல்லது கெடுகின்றன.

முதலில் நிலம். கோடை மழை ஈரத்தில் ஆழ உழுது, ஆட்டுக்கிடை போட்டு, புரட்டாசிக்குள் நிலத்தைப் புழுதியாக்கி வைக்க வேண்டும். கடலோர நிலமென்றால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அது கரையும் உப்பு மிகுந்த உப்பு நிலமா, சோடியம் மிகுந்த களர் நிலமா என்று அறிந்துகொள்வது அவசியம். ஜிப்சம் களர் நிலத்தைத் திருத்தும். வெறும் உப்பு நிலத்துக்கோ நல்ல மழைநீர் தேங்கி, உப்பைக் கரைத்து வடிந்தால்தான் தீர்வு. இது தெரியாமல் ஜிப்சத்துக்குச் செலவழித்தவர்கள் உண்டு.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நேரடியாக விதைக்கலாம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். முளைத்து ஒரு மாதம் கழிந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே களையெடுத்து, செடிக்குச் செடி ஓரடிக்கு மேல் இடைவெளி இருக்கும்படி மிகுதிச் செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். தை மாதத்தில் மண் வறண்டால், பண்ணைக்குட்டையில் சேர்த்த மழைநீரை ஒரு முறையாவது பாய்ச்சலாம். உவர்ப்புக் கிணற்று நீரைப் பாய்ச்சுவதைவிடச் சும்மா விடுவதே மேல்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் நனையும் கந்தகத்துக்குக் கட்டுப்படும், இலைப்பேனுக்கு அது போதாது என்பதால், இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது.

இனிக் காயப்போடுதல். முழுவதும் சிவந்த பழத்தைக் காம்போடு பறிக்க வேண்டும். காம்பு பிய்ந்த இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் ஏறுகிறது. பறித்த பழத்தை உடனே வெயிலில் கொட்டாமல், ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்தால் அரைச்சிவப்புப் பழங்களும் நிறம் கூடி ஒன்றுபோலாகும். பிறகு வெறுந்தரையில் அல்லாமல், சிமெண்ட் களத்திலோ தார்ப்பாயிலோ இரண்டு, மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். மாலையில் வெயில் தாழுமுன்பே குவித்து மூடிவிடுங்கள். மாசிப் பனி இந்தக் கரையில் மழையைப் போலவே நனைக்கும். ஒரு மாசியில், இரவு வானம் தெளிவாக இருந்ததை நம்பி நான் மூடாமல் விட்ட களம் விடியற்காலையில் ஈரம் பூத்துக் கிடந்தது. நான்கு நாளில் கால்வாசிப் பழம் வெளுத்துப்போய், ஒரு மூட்டைக்கும் நல்ல வத்தலின் விலை கிடைக்கவில்லை.

வெயிலைப் பொறுத்துப் பத்து முதல் பதினைந்து நாளில் பழம் வத்தலாகும். ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுக்க வேண்டும். விரலால் அழுத்தினால் தோல் நெகிழ்ந்து மீள வேண்டும், நொறுங்கக் கூடாது. ஏறத்தாழ பத்து சதவீத ஈரம் நிற்கும் பதம் அதுவே. எடைக்காகத் தண்ணீர் தெளித்துக் கட்டினால் சாக்குக்குள் பூஞ்சணம் பிடித்து அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். உண்பவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வெளுத்ததையும் உடைந்ததையும் பிரித்துத் தனிச் சாக்கில் கட்டுங்கள், நல்லதோடு கலந்தால் அந்த மூட்டை முழுவதும் கழிவு விலைக்கே போகும். உரம் வந்த பழைய சாக்கைத் தொடாதீர்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி அடுக்கி, கடற்காற்று ஈரமாக வீசும் நாட்களில் கிடங்குச் சன்னலை மூடியே வையுங்கள்.