லிஸ்பனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: 1755-ஐ வைத்து ஊரைப் பார்க்க ஒரு வழி

முதல் தடவை லிஸ்பன் போனபோது கண்ணில் பட்ட மஞ்சள் டிராமில் எல்லாம் ஏறி இறங்கி மூன்று நாள் சுற்றினேன். படங்கள் நிறையச் சேர்ந்தன, ஊர் மட்டும் பிடிபடவில்லை. ஓரிடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் தெருக்கள். அங்கிருந்து பத்து நிமிடம் மேடேறினால், எதிரே ஒருவர் வந்தாலே சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்துகள். அடுத்த முறை ஒரே ஒரு தேதியை மனதில் வைத்துக்கொண்டு நடந்தேன், ஊர் விளங்கிவிட்டது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். இரண்டு நாள் போதும்.

தேதி 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி தாண்டி, மக்கள் தேவாலயங்களில் பூசைக்குக் கூடியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. தப்பியவர்களில் பலர் வெட்டவெளி தேடி தேஜு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் உள்வாங்கியது, பிறகு ஆழிப்பேரலையாகத் திரும்பி வந்தது. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுவத்திகளிலும் வீட்டு அடுப்புகளிலும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. லிஸ்பனில் எந்தச் சுவர் முன் நின்றாலும், இது அந்தக் காலைக்கு முந்தையதா பிந்தையதா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 1: கிளம்பும் முன்

ஷெங்கன் விசா வேண்டும், பணம் யூரோ. தங்கும் விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி தனியாக வாங்குவார்கள். விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறி அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் நகர மையம். 'நவெகாந்தெ' என்ற அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோ, டிராம், பஸ், படகு எல்லாவற்றுக்கும் அது செல்லும். ஓர் அட்டையில் இருவர் போகமுடியாது, ஆளுக்கொன்று வாங்கவேண்டும். டிராமுக்குள் சீட்டு வாங்கினால் விலை கூடுதல்.

செருப்பைப் பற்றி அழுத்தியே சொல்கிறேன். நடைபாதை முழுக்கக் கையகலச் சுண்ணாம்புக் கற்கள் பதித்தது, வெள்ளையும் கறுப்புமாக. பல தலைமுறைக் கால்கள் தேய்த்ததில் சில இடங்களில் பளபளவென்றிருக்கும். தூறல் விழுந்துவிட்டால் அதில் வழவழப்பான அடிப்பாகம் நிற்காது. தோல் செருப்போடு இறங்கி விழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ரப்பர் அடி போட்ட காலணியே போடுங்கள்.

படி 2: ஆற்றங்கரைச் சதுக்கத்தில் தொடங்குங்கள்

முதலில் கோட்டைக்குப் போகாதீர்கள். பிராசா து கொமெர்சியு சதுக்கத்துக்கு வாருங்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் இதை இன்னும் 'தெர்ரெய்ரு து பாசு' என்கிறார்கள், அரண்மனை வெளி என்று பொருள். அரண்மனை எங்கே என்று தேடினால் கிடைக்காது. அதன் நூலகமும், திறந்து ஏழு மாதமே ஆகியிருந்த ஓபரா அரங்கமும் அந்தக் காலையோடு போயின. நடுவில் குதிரைமேல் இருப்பவர் அப்போதைய மன்னர் முதலாம் ஜோசே, சிலை 1775-இல் வைத்தது. நிலநடுக்கத்துக்குப் பின் அவர் கல் கட்டடத்துக்குள் வசிக்கவே அஞ்சினார். அஜுடா மேட்டில் மரத்தாலும் துணியாலும் அமைத்த இருப்பிடத்தில்தான் அரசவை நடந்தது.

வளைவைத் தாண்டினால் பைஷா. நேர்த் தெருக்கள் இங்கேதான். இடிபாட்டை ஒதுக்கி, அமைச்சர் பொம்பாலின் தலைமையில் புதிதாக எழுந்த பகுதி இது. தெருக்களைத் தொழில்வாரியாகப் பிரித்தார்கள்: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு. பெயர்ப்பலகைகளில் இன்றும் பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாதது சுவர்களுக்குள் இருக்கிறது. இந்த வீடுகளின் சுவருக்குள் குறுக்கும் மறுக்கும் இணைத்த மரச்சட்டகம் உண்டு, அதைக் 'கூண்டு' என்றே அழைத்தார்கள். நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும், கல் உதிர்ந்தாலும் வீடு நிற்கும். மாதிரி ஒன்று கட்டி, சுற்றிலும் படைவீரர்களை அணிநடை போடவைத்துச் சோதித்தார்கள் என்பார்கள். கொர்ரெய்ரோஷ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் உள்ள அகழாய்வுக் கூடத்தில், இந்தக் கட்டடங்களைத் தாங்கும் மர முளைகளையும் ரோமானியர் காலத்து மீன் ஊறல் தொட்டிகளையும் காட்டுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

படி 3: கார்மோ

எனக்கு லிஸ்பனில் ஓரிடம் மட்டும் காட்ட அனுமதி என்றால் இதைத்தான் காட்டுவேன். பைஷாவுக்கு மேற்கே, மேட்டில் இருக்கிறது கார்மோ மடம். 1389-இல் தொடங்கிய கோதிக் தேவாலயத்தின் கூரை அன்று விழுந்தது. பிறகு மூடவேயில்லை. தூணும் வளைவும் மட்டும் வானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பீடம் நோக்கி நடக்கும்போது தலைக்குமேல் புறா பறக்கும், மழை வந்தால் நனைவீர்கள். அங்கே கொஞ்சநேரம் சும்மா உட்காருங்கள். அந்தக் காலையில் பூசைக்கு வந்தவர்களின் நினைப்பு தானாக வரும். ஞாயிறு மூடியிருக்கும்.

வெளியே வந்ததும் அதே சதுக்கத்தில் இன்னொரு வரலாறு. 1974 ஏப்ரல் 25-இல் சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் மார்செலு கயித்தானு இங்குள்ள படைமுகாமில்தான் சரணடைந்தார். துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூ செருகிய புரட்சி அது.

படி 4: அல்ஃபாமா

இப்போது எதிர்க்குன்று. அல்ஃபாமா என்ற பெயர் வெந்நீரூற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1147-இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிகெஷ் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து லிஸ்பனைப் பிடித்தார். அந்தப் பழைய சந்துகளின் அமைப்பு பாறைக் குன்றின்மேல் பெரும்பாலும் தப்பியது. 28-ஆம் நம்பர் டிராம் இவ்வழியே போகும். கூட்டம் நெரியும், பிக்பாக்கெட் அதிகம், பையை முன்பக்கம் மாட்டுங்கள். காலில் வலுவிருந்தால் நடையே மேல்.

சாந்தா லுசியா தேவாலயத்தின் வெளிச்சுவரை மட்டும் தவறவிடாதீர்கள். நீல ஓடுகளில் ஒரு படம்: ஆற்றங்கரையில் அரண்மனையோடு, 1755-க்கு முந்தைய சதுக்கம். காலையில் நீங்கள் நின்ற அதே இடம். கோட்டை, நேரமிருந்தால் போதும். மதில்களில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டில் சீரமைத்தது.

சாப்பாடு: மேசையில் அமர்ந்ததும் ரொட்டியும் ஒலிவும் தானாக வரும். தொட்டால் கணக்கில் சேரும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கீரை சூப்பான கால்து வெர்தெயிலும் இறைச்சித் துண்டு மிதக்கும். சைவர்கள் மர்தீம் மொனீஷ் பக்கம் போனால் தெற்காசியக் கடைகள் உண்டு. நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'.

படி 5: இரண்டாம் நாள் பெலெம்

15-ஆம் நம்பர் டிராம் இங்கே கொண்டுவிடும். திங்களன்று போகாதீர்கள், ஜெரோனிமோஸ் மடம் மூடியிருக்கும். 1497-இல் வாஸ்கோ ட காமா புறப்பட்டது இக்கரையிலிருந்துதான். கிழக்கு வணிகத்தின்மேல் போட்ட வரியில் எழுந்தது இந்த மடம். தூண்களில் கப்பல் கயிறுகளைக் கல்லில் முறுக்கியிருக்கிறார்கள். நுழைந்ததும் காமாவின் கல்லறை, அதில் ஒரு கப்பல் செதுக்கியிருக்கும். 1524-இல் கொச்சியில் இறந்து, முதலில் அங்கேயே புதைக்கப்பட்டவர் அவர். இந்தக் கல்லின் அழகை ரசிக்கும்போதே, மலபார்க் கரை கொடுத்த விலையும் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1554-இல் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட மறைக்கல்விப் புத்தகம் இந்த லிஸ்பனில்தான் வெளியானது. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காகச் செய்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் கொல்லத்தில் 1578-இல்தான் வந்தது. விடுதியில் சாவி கேட்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், 'ஷாவெ' என்பார்கள். ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தவை.

1837 முதல் இயங்கும் பெலெம் கடையில் கஸ்டர்ட் பணியாரத்தைச் சூட்டோடு, பட்டைத்தூள் தூவிச் சாப்பிடுங்கள். முட்டை சேர்ந்தது, சேராதவர்கள் கவனிக்கவும்.

மாலையில் காய்ஷ் து சொத்ரேயிலிருந்து கசிலியாஷுக்குப் படகு ஏறுங்கள். அதே அட்டை போதும், பத்து நிமிடப் பயணம். பின்பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள். வலப்பக்கம் கோட்டையும் அல்ஃபாமாவும், இடப்பக்கம் கார்மோ இருக்கும் மேடு, நடுவே தாழ்வில் நேர்க்கோட்டு பைஷா.