திருகோணமலையிலிருந்து வேல்ஸ்: மலையும் கோட்டையும் பார்க்க இருவருக்கு ஆறு நாள்

ஆறு நாளில் வேல்ஸ் முழுவதையும் சுற்ற வேண்டாம். வடமேற்கு மூலை போதும். 1085 மீற்றர் உயரமான இர் வித்வா மலையும் (பழைய வரைபடங்களில் ஸ்னோடன்), இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேர்ட் கட்டுவித்த கொன்வி, கனார்வன், பியூமாரிஸ், ஹார்லெக் ஆகிய நான்கு கோட்டைகளும் அங்கேதான் இருக்கின்றன. கனார்வனில் தங்கினால் எல்லாமே ஏறத்தாழ ஒரு மணிநேர ஓட்டத்துக்குள் வரும். லண்டனில் உறவினர் வீட்டிலிருந்து புறப்பட்டு முதல் இரவு கொன்வி, அடுத்த நான்கு இரவு கனார்வன், ஆறாம் நாள் திரும்புதல். தினமும் தங்குமிடம் மாற்றினால் பெட்டி கட்டுவதிலேயே காலை போய்விடும்.

பிரித்தானிய விசா வேலையைப் பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்கலாம். கணவன் மனைவி இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து இணையுங்கள். கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நாளிலேயே ஓட்டோமொபைல் அசோசியேஷனில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துவிடுங்கள். நம் லைசன்ஸுடன் அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம் என்றாலும், வாடகைக் கார் நிறுவனம் இந்தச் சர்வதேசப் பத்திரத்தையும் கேட்கக்கூடும். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் லைசன்ஸ் உள்ளவர் அங்கே கார் ஓட்ட முடியாது.

கார் எடுக்கும் இடத்தில் பலர் மாட்டிக்கொள்வது முற்பணத்தில்தான். சாரதியின் சொந்தப் பெயரில் கிரெடிட் கார்ட் கேட்பார்கள். டெபிட் கார்டையோ மருமகனின் கார்டையோ ஏற்காமல் விடலாம். இருவரும் ஓட்டுவதென்றால் இரண்டாவது பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள், இல்லாவிட்டால் விபத்தில் காப்புறுதி கிடைக்காது. சிறிய கார் எடுங்கள். மலைப்பக்கம் இரு கரையிலும் கல்மதில் நெருங்கி வரும். ஓட்டோ கியர் வேண்டுமானால் முன்கூட்டியே பதியுங்கள். எடுத்தவுடன் நான்கு பக்கமும், சில்லுகளையும் படம் பிடித்து வையுங்கள்.

இடப்பக்கம் ஓட்டுவதும், சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்தால் வருபவருக்கு வழிவிடுவதும் நம்மூர் வழக்கமேதான். குழப்புவது மைல் கணக்கு. 2023 செப்டெம்பர் முதல் வேல்ஸின் குடியிருப்புப் பகுதிகளில் பொது வேக எல்லை மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீற்றர். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு கண்டால் நடுப்பிரிப்பு இல்லாத வீதியில் 60 மைல் வரை அனுமதி. ஆனால் அந்தப் பலகை ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பாதையிலும் நிற்கும். அது எல்லைதான், அந்த வேகத்தில் போகச் சொல்லும் கட்டளை இல்லை. அப்படியான பாதையில் ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே நின்று எதிரே வருபவரை விடுங்கள். தரையில் ‘அராவ்’ என்று எழுதியிருந்தால் மெதுவாக என்று பொருள். பெற்றோல் குழாயின் பிடி பச்சை, டீசலுக்குக் கறுப்பு.

லண்டனிலிருந்து கொன்விக்கு ஏறத்தாழ 235 மைல். நிற்காமல் ஓடினாலும் ஐந்து மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட வேண்டாம். மலைக்குள் போன் சிக்னல் அறுந்துவிடும், ஆகவே வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவிடுங்கள். ஊர்ப் பெயர் கேட்கும்போது: வெல்ஷ் மொழியில் இரட்டை ‘டி’ நம் ‘மதி’யில் வரும் த, ‘எஃப்’ என்றால் வ, ‘டபிள்யூ’ பல இடங்களில் உ. இரட்டை ‘எல்’லுக்கு, நாக்கை ல சொல்லும் இடத்தில் வைத்துப் பக்கவாட்டால் காற்றை ஊதுங்கள்.

கொன்வியைத் திருகோணமலைக்காரர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே முன்பு ஒரு துறவிகள் மடம் இருந்தது. வேல்ஸின் பெருந்தலைவன் லவெலினை அடக்கம் செய்த இடம். 1283இல் எட்வேர்ட் மடத்தை உள்நாட்டுக்கு இடம்பெயர்த்துவிட்டு அந்த நிலத்தில் கோட்டையும் மதில்சூழ் ஊரும் எழுப்பினான். கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் வாசலைக் கடந்துதானே நாம் இன்றும் கோயிலுக்குப் போகிறோம். அதனால் எட்டுக் கோபுரங்களின் அழகோடு, அவை யாரை அடக்கக் கட்டப்பட்டவை என்பதும் நமக்கு உடனே புரியும். ஊர்மதில் 1.3 கிலோமீற்றர், பெரும்பகுதியின் மேல் காசில்லாமல் நடக்கலாம்.

கனார்வனுக்கு அரை நாள், பியூமாரிஸுக்கு இரண்டு மணிநேரம் போதும். பியூமாரிஸ் 1295இல் தொடங்கிக் காசு போதாமல் பாதியில் நின்றது. கப்பல் மதிலடிக்கே வந்து சரக்கு இறக்கிய துறையைத் தவறாமல் பாருங்கள். கோட்டைகளைப் பராமரிப்பது ‘கடு’ என்ற அரச அமைப்பு. நான்குக்கும் தனித்தனி ரிக்கற் எடுக்குமுன் கூட்டுச் சீட்டு உண்டா என்று அதன் தளத்தில் பாருங்கள். சுருள்படிகள் ஒடுக்கம், தேய்ந்தவை, மழையில் வழுக்கும். சேலையும் செருப்பும் வேண்டாம்.

மலைக்கு நாள் குறிக்காதீர்கள். கனார்வனில் இருக்கும் நாட்களில் வானிலை நல்லதாக உள்ள ஒரு நாளை, அதற்கு முந்திய இரவு தெரிவுசெய்யுங்கள். பீதுருதலாகலையில் பாதி உயரம்கூட இல்லை என்று நினைத்து ஏறுவதுதான் ஆபத்து. உச்சி கரையைவிட ஏறத்தாழ 7 பாகை குளிராக இருக்கும், காற்று அதை இன்னும் கூட்டும், முகில் ஐந்து நிமிடத்தில் மூடும். பருத்தி உடுப்பும் ஜீன்ஸும் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி அல்லது செயற்கை இழை உடுப்பு, அதன்மேல் நீர்புகா ஜக்கற், பிடிப்புள்ள சப்பாத்து, தலைவிளக்கு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் எடுங்கள். உச்சிக் கடை பருவத்தில் மட்டுமே திறக்கும், அதை நம்பிப் போகாதீர்கள்.

முதன்முறை ஏறுவோருக்கு லன்பெரிஸ் பாதை. போய்வர 14.5 கிலோமீற்றர், ஆறு மணிநேரம். காலை எட்டுக்குத் தொடங்கி, பகல் ஒன்றுக்குள் உச்சி எட்டாவிட்டால் திரும்புங்கள். பென்-இ-பாஸில் தொடங்கும் பிக் பாதையில் போனால், வழி பிரியும் இடத்தில் வலப்பக்கம் ஏறிவிடாதீர்கள். அது கிரிப் கோக் என்ற கத்திமுனை விளிம்புக்குப் போகும், அங்கே விழுந்து இறந்தவர்கள் உண்டு. பென்-இ-பாஸ் தரிப்பிடத்தைப் பருவகாலத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆபத்தென்றால் 999, பொலிஸைக் கேட்டு மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். முழங்கால் நோ உள்ளவருக்கு 1896 முதல் இருக்கும் பற்சக்கர ரயில் லன்பெரிஸிலிருந்து உண்டு. அதற்கும் முன்பதிவு தேவை.

ஹார்லெக்குக் காலையிலேயே போங்கள். போன் வழிகாட்டி சொல்கிறது என்று பென் லெக் தெருவுக்குள் இறங்காதீர்கள். உலகின் மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்று அது, கீழ்நோக்கி ஒருவழி. மேல் ஊரில் காரை விட்டு நடந்து வாருங்கள். ஒருகாலத்தில் கடல் இந்தப் பாறையின் அடிவரை வந்தது. முற்றுகையிட்டாலும் கப்பலில் வந்த உணவை 108 படிகளால் மேலே ஏற்றினார்கள். இன்று கடல் விலகி மணல்மேடுகள் நிற்கின்றன. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையிலிருந்து கீழே கடலைப் பார்த்துப் பழகிய கண், அந்தப் பழைய கரை எங்கே இருந்திருக்கும் என்று தானாகவே தேடும்.