இசைக் கல்லூரி மிருதங்கச் சேர்க்கைத் தேர்வுக்கு ஆயத்தமாவது எப்படி

கொங்கு நாட்டில் மிருதங்கம் பயிலும் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பின் முதல் வாசல் பெரும்பாலும் மலுமிச்சம்பட்டியில்தான் இருக்கிறது. உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்து ஏறி ஈச்சனாரியைத் தாண்டினால் வரும் அந்த ஊரிலுள்ள அரசு இசைக் கல்லூரி, 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்குகிறது. சென்னை, மதுரை, திருவையாறு ஆகிய ஊர்களிலும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் தேர்வறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் மனத்தில் வைத்திருப்பார்கள்: இந்தப் பிள்ளைக்குக் காலப்பிரமாணம் (எடுத்த வேகம் மாறாமை) நிற்கிறதா, தாளம் போட்டுக்கொண்டு சொல்லத் தெரிகிறதா, பாட்டைக் காதில் வாங்குகிறதா, இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தால் தேறுமா?

எங்கள் பக்கத்திலிருந்து இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களில் இரு வகையினர் உண்டு. ஈரோடு, கரூர் போன்ற மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலோ தனியாக ஒரு குருவிடமோ முறையாகப் பாடம் கேட்டவர்கள் ஒரு வகை. மாரியம்மன் நோன்பிக்கு ஜமாப் மேளம் அடித்தும், அண்ணன்மார் கதைக்கு உடுக்கை பிடித்தும் தாளத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு, பிறகு மிருதங்கத்துக்கு வந்தவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினருக்குக் கூச்சமே வேண்டியதில்லை, ஏனெனில் இரவெல்லாம் நடை குலையாமல் அடித்த கைக்கு இருக்கும் உறுதி வீட்டுக்குள் மட்டும் சாதகம் செய்தவர்களுக்கு எளிதில் வருவதில்லை. ஆனால் திறந்தவெளியில் நாலு தெருவுக்குக் கேட்கும்படி அடித்துப் பழகிய கை, பத்தடி அகலமுள்ள ஓர் அறையில் நாதத்தை நசுக்கிவிடும். அவர்கள் முதல் இரண்டு மாதங்கள் முழுவதையும் பாதி ஒலியில் வாசிப்பதற்கே ஒதுக்க வேண்டும்.

ஆயத்தத்துக்கு ஆறு மாதம் இருப்பது நல்லது. அதில் முதல் பாதியைப் புதிய பாடங்களுக்குச் செலவிடாமல், தொடக்கப் பாடங்களுக்கே திரும்பிப் போகுமாறு சொல்வேன். தா, தி, தொம், நம் என்ற அந்த நான்கு சொற்களை மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்துக்கொண்டு, தட்டுக்கு ஒரு சொல், இரண்டு சொல், நான்கு சொல் என்று மூன்று காலத்திலும் வாசியுங்கள். இதில் கேட்க வேண்டியது வேகத்தை அல்ல, நம் என்ற சொல்லின் நாதத்தை. மோதிரவிரல் கரணையின்மேல் (நடுவிலுள்ள கருவட்டம்) பாரமில்லாமல் பட்டிருக்க, ஆள்காட்டி விரல் மீட்டுத் தோலில் (ஓரத்து வளையத்தோல்) விழுந்தவுடன் எழுந்துவிட வேண்டும். மோதிரவிரல் அழுந்தினால் நாதம் செத்துவிடும், முற்றிலும் எழுந்துவிட்டால் ஓட்டையாகக் கேட்கும். கீழ்க்காலத்தில் சுத்தமாக வரும் நம், மேல்காலத்தில் முதலில் கெடுவது இந்த மோதிரவிரலால்தான். கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டால் அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும். சுண்டுவிரலால் எழும் சாபு என்ற ஒலியையும் இடது கையின் குமுக்கி என்ற வளைந்தெழும் ஒலியையும் இதேபோல் தனித்தனியாகப் பதிவுசெய்து கேளுங்கள்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர், வழக்கமாக வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலையை இடப்பக்கம் வைத்து வாசித்தால் தேர்வில் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். மிருதங்க உலகின் பெரும் மேதைகளில் ஒருவரான பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். பழநி மலையடிவாரத்து ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமந்தவரை முன்வைத்துக்கொண்டு இந்த அச்சத்துக்கு இடம் கொடுப்பானேன்!

அடுத்தது வாய். என் குருநாதர் தாராபுரத்துப் பேச்சில், "வாயில வராதது கையில வராது கண்ணு, மொதல்ல சொல்லிக் காட்டோணும்" என்பார். தேர்வறையில் வாத்தியத்தைத் தொடும் முன்பே "இந்தக் கோர்வையைத் தாளம் போட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கந்தான், அங்கே தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் குருவின் கையைப் பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகியவர்கள். கோர்வையை, அதாவது மூன்று முறை வந்து முடியும் சொற்கட்டை, மனப்பாடம் செய்வதைவிட அதன் கணக்கைப் புரிந்துகொள்வதே பாதுகாப்பு. ஓர் எளிய பயிற்சியைச் சொல்கிறேன். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு துருதம் என்று 8 அட்சரம் (எண்ணிக்கை), அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) 32 மாத்திரை. ததிகிணதொம் என்பது 5 மாத்திரை, மூன்று முறை சொன்னால் 15. அது முடிந்து அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் (முதல் தட்டில்) தா விழ வேண்டுமானால், 17 மாத்திரை கழித்து, அதாவது முதல் துருதத்தின் தட்டில் இரண்டாவது மாத்திரையில் எடுக்க வேண்டும். இப்போது ததிகிணதொம்களுக்கு இடையே ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 17 ஆகிவிடும், எடுப்பு (தொடங்கும் இடம்) நடுவிரல் எண்ணிக்கையின் நான்காவது மாத்திரைக்கு முன்னேறும். இரண்டு மாத்திரை விட்டால் 19, எடுப்பு அதே நடுவிரலின் இரண்டாவது மாத்திரை. மூன்று விட்டால் 21, எடுப்பு மோதிரவிரலின் நான்காவது மாத்திரை. இந்த நான்கையும் தாளம் போட்டபடி அடுத்தடுத்துச் சொல்ல முடிந்தால், தேர்வாளர் வேறு எந்தக் கார்வையைக் கேட்டாலும் நீங்கள் எடுப்பைத் தேடி விழிக்க மாட்டீர்கள். பிறகு இதையே மிஸ்ர சாபு தாளத்தில், ஆவர்த்தனத்துக்கு 14 மாத்திரை என்று வைத்து இரண்டு ஆவர்த்தனத்துக்குப் போட்டுப் பாருங்கள். கார்வையில்லாத ததிகிணதொம் மூன்றும் முதல் ஆவர்த்தனத்தின் கடைசி மாத்திரையில் தொடங்கிவிடும். சொல் ஒன்றுதான், தாளம் மாறியதும் அது உட்காரும் இடம் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதை விரல்களில் உணர்வதே இந்தப் பயிற்சியின் பயன்.

பாட்டுக்கு வாசிப்பதைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. தேர்வுக்குழுவில் இருக்கும் வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒரு வர்ணத்தையோ கீர்த்தனத்தையோ பாடத் தொடங்கினால், எடுப்பு சமத்தில் இருக்கிறதா, அரை இடம் தள்ளியிருக்கிறதா, ஒன்றரை இடம் தள்ளியிருக்கிறதா என்பதை முதல் ஆவர்த்தனத்துக்குள் கண்டுகொண்டு, அதன்பிறகே கை வைக்க வேண்டும். அந்த முதல் ஆவர்த்தனம் வாசிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதைக் குறையாக யாரும் கருதமாட்டார்கள், தவறான இடத்தில் துணிந்து தொடங்குவதைத்தான் கருதுவார்கள். பல்லவியில் எளிய சர்வலகுவும் (சீராக ஓடும் நடைச்சொற்கள்), அனுபல்லவிக்கு ஏறும் இடத்தில் சிறு அறுதியும் (முடிப்பு), சரணத்தில் குரலுக்கு அடங்கிய தொப்பியும் (இடப்பக்கத்து முகத்தின் ஒலி) போதும். பக்கத்தில் வாய்ப்பாட்டுக் கற்கும் பிள்ளை யாராவது இருந்தால் வாரத்துக்கு இரண்டு மாலை அவர்களுக்கு வாசியுங்கள். அப்படி யாரும் கிடைக்காதபோதுதான் வானொலிக் கச்சேரியோடும் பதிவோடும் வாசிக்க வேண்டும், ஏனெனில் பதிவு உங்களுக்காக நிற்பதுமில்லை, உங்கள் தவறால் தடுமாறுவதுமில்லை.

தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று கேட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். சதுஸ்ர (நான்கின்) நடையில் இரண்டு மூன்று கருத்துகளை நிதானமாக வளர்த்து, திஸ்ர (மூன்றின்) நடைக்குப் போய்த் திரும்பி, மோரா (முடிப்புச் சொற்கட்டு), கோர்வை என்று முடித்தால் நிறைவாக இருக்கும். சங்கீர்ண (ஒன்பதின்) நடையில் அவசரமாகக் கற்ற ஒரு கோர்வையைக் காட்டி மலைக்க வைக்கலாம் என்று நினைப்பவர்களைத் தேர்வாளர்கள் உடனே "அதையே கீழ்க்காலத்தில் சொல்லுங்கள்" என்று நிறுத்திவிடுவார்கள்.

இனி வாத்தியத்தின் கதை. சேர்க்கை நடக்கும் சூன், சூலை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் நாட்டை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பொள்ளாச்சி, கோவைப் பக்கம் சாரலும் ஈரமுமாக இருக்க, தாராபுரம், காங்கயம், கரூர்ப் பக்கம் அதே காற்று வறண்டு அடிக்கும். ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வறட்சியில் இறுகி ஏறும். வறண்ட பக்கத்தில் சேர்த்த சுருதி கோவைக்கு வந்து சேரும்போது இறங்கியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தேர்வுக்குப் போன நாளில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கூட்டத்தில் இடமில்லாமல், ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின்மேல் மிருதங்கத்தை வைத்துவிட்டேன். இரண்டரை மணி நேரச் சூட்டில் வலந்தலை விண்ணென்று இறுகிக் கிடந்தது. இறக்கியாக வேண்டும் என்ற பதற்றத்தில் வலந்தலை விளிம்பின் பின்னலைக் கீழிருந்து மேலாகக் கல்லால் ஒரே பக்கத்தில் நாலு தட்டுத் தட்டியதில், எட்டுக் கண்ணிலும் (சுருதி பார்க்கும் இடங்கள்) எட்டு விதமான நாதம். அழைப்பு வந்தபோது பாதி சரிசெய்திருந்தேன். மீதியைத் தேர்வாளர்கள் முன்பே செய்ய வேண்டியதாயிற்று.

ஆகையால் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், உறைக்குள் ஒரு பழைய துண்டையும் சுற்றுங்கள், குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் அந்த இடத்துக் காற்றில் வாத்தியத்தைத் திறந்து வையுங்கள். சுருதி சேர்க்கும்போது எதிரெதிர்க் கண்களை மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியும், பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியும் பொதுவாகப் புழங்குபவை. உங்களிடம் 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் ஒன்று மட்டுமே இருந்தால், எந்தச் சுருதிக்குப் பாடுவார்கள் என்பதை முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் குருவிடம் 24 அங்குலத் தக்கு (தாழ்ந்த) சுருதி வாத்தியத்தை இரவலாகக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இரவல் வாத்தியத்தோடு குறைந்தது பத்து நாள் பழகியிருக்க வேண்டும். தொப்பியில் பூசும் ரவையை வீட்டிலிருந்தே சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், தண்ணீர்ப் புட்டியும் கூட இருக்கட்டும். தொப்பியில் ரவையைப் பூசி முடித்தபின் வரிசையில் நெடுநேரம் காக்க நேர்ந்தால் ஆடிக்காற்றில் அது காய்ந்து வெடிக்கும். ஆகவே உங்களுக்கு முன்னே இருவர் இருக்கும்போது பூசினால் போதும்.

பாடக் கேள்விகளுக்கு அதிகம் பயப்பட வேண்டியதில்லை. சப்த தாளங்கள் ஐந்து ஜாதிகளால் 35 ஆகும் விதம், தாளத்தின் ஆறு அங்கங்களான ஷடங்கங்களின் அட்சர அளவு, தாளத்தின் பத்துக் கூறுகளான தசப்பிராணங்களின் பெயர், ஆதி தாளம் சதுஸ்ர ஜாதி திரிபுட தாளம் என்பது, மிருதங்கத்தின் உறுப்புகள், இரண்டு மூன்று மேதைகளின் பெயரும் காலமும் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாலே போதுமானது. வயது வரம்பு, தகுதி, சான்றிதழ்கள் பற்றி அந்தந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பில் உள்ளதை மட்டுமே நம்புங்கள், போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னதை அல்ல.

அறைக்குள் போனதும் வணங்கிவிட்டு உட்கார்ந்து, சுருதிப்பெட்டியோடு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். வாசிக்கையில் தாளம் நழுவினால் நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்காமல், எளிய சர்வலகுவுக்குத் திரும்பி சமத்தைப் பிடித்துவிடுங்கள். தவறியவன் எப்படிச் சேருகிறான் என்பதைத் தேர்வாளர்கள் கூர்ந்து கவனிப்பார்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் மனம் தளர வேண்டாம், நேரம் குறைவு என்பதைத் தவிர அதற்குப் பெரும்பாலும் வேறு பொருளில்லை. வெளியே வந்ததும் தொப்பியிலுள்ள ரவையைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, தோல் உலர்ந்த பிறகே உறை போடுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே கிடந்தால் ரவை தோலோடு ஒட்டிப் புளித்துவிடும்.