கவுண்டி பணம் கேட்டு ஓட்டுக்கு வரும்போது: சியாட்டில் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஒருவழியாக மூச்சுவிடும் நேரத்தில் தபால் பெட்டியில் ஒரு கையேடு வந்து கிடக்கும். வாக்காளர் கையேடு. சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஓட்டு இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் அனுப்புவார்கள். ‘நாம ஹெச்-1பி வேலை விசா, நமக்கு எதுக்கு’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் ஊரில் நீதிமன்றம் கட்ட வேண்டுமென்றால் அரசு நிதி ஒதுக்கும், ஒருநாள் அடிக்கல் நாட்டுவார்கள். நம்மை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள். அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2012 ஆகஸ்ட் தேர்தல்.

சியாட்டிலில் 12-ஆவது அவென்யூவும் ஆல்டர் தெருவும் சேரும் இடத்தில் இளையோர் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் இருந்தது. கட்டடம் பழுதாகிவிட்டது, மராமத்துக்குக் கொட்டுவதைவிடப் புதிதாகவே கட்டிவிடலாம் என்றது கவுண்டி. அதற்காக ஒன்பது ஆண்டுகளுக்குக் கூடுதல் சொத்து வரி கேட்டது. வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு சுமார் 7 சென்ட். 4 லட்சம் டாலர் வீடு என்றால் வருடத்துக்கு 28 டாலர். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். கவுண்டி முழுக்கச் சேர்த்தால் சுமார் 21 கோடி டாலர்.

அந்த வாக்குச்சீட்டை நான் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைகள், குடும்பங்கள், நீதி என்று இருந்தது. கறுப்புப் பேனாவால் ‘ஆம்’ என்ற வட்டத்தை நிரப்பி, உறையை ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது. அதே வளாகத்தில் பிள்ளைகளை அடைத்து வைக்கும் காவல் இல்லமும் சேர்த்துத்தான் கட்டப் போகிறார்கள் என்பது எனக்கு அதன்பிறகுதான் உறைத்தது. வாக்குச்சீட்டில் இருந்த சுருக்கத்தில் சிறை என்ற சொல்லே கிடையாது.

பழைய கட்டடத்தை அப்படியே விட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. வழக்குக்காக வந்த அம்மா அப்பா தங்கள் வக்கீலிடம் தனியாக நாலு வார்த்தை பேச இடம் வேண்டும். ஆனால் புது இளையோர் சிறை வேண்டாம் என்று தெருவில் நின்றவர்கள் பேசியதும் என் மனசை அசைத்தது. சிறைக்குப் போகும் பணத்தைப் பிள்ளைகள் வழிதவறாமல் இருக்கச் செலவழியுங்கள் என்றார்கள். அந்த இரண்டு பேச்சையும் கேட்ட பிறகு நான் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்.

வரி வசூலிக்கும் முறையை எதிர்த்து வழக்கும் நடந்தது. 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் கவுண்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2020-இல் கட்டடம் திறந்தது. கவுண்டியின் மேல்நிலை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பட்ரிசியா கிளார்க்கின் பெயரை வைத்தார்கள். பழைய காவல் இல்லத்தில் 212 படுக்கைகள் இருந்தன, புதியதில் 112. எதிர்ப்பு வீண்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு இதில் என்ன? வாடகை வீடானாலும் உரிமையாளர் கட்டும் சொத்து வரி உங்கள் வாடகையில் வந்து சேரும். வீடு வாங்கியிருந்தால் பெரும்பாலும் மாதத் தவணையோடு சேர்த்து வங்கியே பிடித்துக் கட்டிவிடும், அதனால் கண்ணிலேயே படாது. வருடத்துக்கு ஒருமுறை கவுண்டியின் வரி ரசீதைத் தேடி எடுத்துப் பாருங்கள். பள்ளி, நூலகம், பூங்கா என்று எதெதற்கு எவ்வளவு போகிறது என்று பிரித்துப் போட்டிருப்பார்கள்.

கையேட்டைப் படிக்கும்போது சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள். விளக்கம், ஆதரவு, எதிர்ப்பு மூன்றும் பெரும்பாலும் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் முழுத் தீர்மானமும் இருக்கும். நான் முதலில் அதைத்தான் திருப்புகிறேன். இன்னொன்றையும் பாருங்கள்: இப்படிச் சொத்து வரியை வழக்கமான வரம்புக்கு மேல் உயர்த்தக் கேட்கும் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும். கவுண்டி கடன் பத்திரம் விற்றுக் கடன் வாங்கி, அதை அடைக்கத் தனி வரி கேட்டால் 60 சதவீதம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குடியுரிமை வாங்காதவர்கள், கிரீன் கார்டு இருந்தாலும், இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போடக்கூடாது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்டால் அவசரத்தில் ‘எஸ்’ சொல்லிவிடாதீர்கள். பின்னாளில் குடியுரிமைக்கே சிக்கலாகும். ஆனால் கவுண்டி கவுன்சில் கூட்டத்தில் கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை, போய்ப் பேசலாம்.

குடியுரிமை வந்தவர்களுக்கு: இங்கே வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். உறையில் போடும் கையெழுத்து பதிவில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். லைசென்ஸில் தமிழில் போட்டிருந்தால் உறையிலும் தமிழிலேயே போடுங்கள். தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. கடைசி நாள் என்றால் தபாலை நம்பாமல், இரவு 8 மணிக்குள் நூலகத்துப் பக்கம் இருக்கும் ஓட்டுப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.